முன்வரிசை நாற்காலிகள்

எங்கள் கடை ஒண்டிக்கடை என்கிற இடத்தில் இருந்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் பாத்திரம், பந்தல் துணி, நாற்காலி வாடகைக்கு விடுகிற கடை. ஏற்காட்டில் யார் வீட்டு விசேஷமானாலும், சர்ச்சில் கல்யாணமோ பள்ளிவாசலில் நிக்காஹோ, விருந்தாளி உட்கார்ந்தது எங்கள் நாற்காலியில்தான். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம்; அவர் இன்னும் பெருமையாகச் சொல்வார்.

அந்த நாற்காலிகளில் இருபத்து நான்கு மட்டும் தனி ரகம். பலா மரம், கை வைத்தது, ஒரு ஆள் ஒன்றைத் தூக்குவதற்கே மூச்சு வாங்கும். மாப்பிள்ளை வீட்டார், பாதிரியார், எஸ்டேட் மேனேஜர் மாதிரி ஆட்களுக்கு முன்வரிசையில் போடுவோம். கிளியூர் போகிற பாதையில் மூடிக் கிடந்த மனநோயாளர் இல்லத்திலிருந்து வந்தவை அவை. உள்ளூரில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் யாரும் முகம் சுளித்ததில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராத நாற்காலிகள்.

இல்லத்தை மூடி மூன்று மழைக்காலம் போன பிறகு, உள்ளே விட்டுப்போன சாமான்களை விற்கப் போகிறார்கள் என்று சேதி வந்தது. எண்பதுகளின் தொடக்கம்; எனக்குப் பதினான்கு வயது. அத்தா போகத் தயங்கினார். அம்மாதான் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"அங்க எது நல்ல சாமான்னு எனக்குத் தெரியுமுங்க. நானும் வர்றேன்."

தெரியாமல் என்ன? தம்பி பிறந்த மறுமாதம் தூக்கம் கெட்டு, பிறகு புத்தி கலங்கி, ஒன்றரை வருஷம் அவள் அங்கேதான் இருந்தாள். அப்போது எனக்கு ஐந்து வயது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. அன்றைக்கும் வழி முழுக்க அத்தா பேசவில்லை, நானும் பேசவில்லை. அம்மா மட்டும் இந்த வருஷம் காப்பி எப்படிப் பூத்திருக்கிறது என்று பேசிக்கொண்டே வந்தாள்.

வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டார். கூடத்தில் ஓடு விலகி, நீளமான சாப்பாட்டு மேசைகள் மேல் மழைத்தண்ணீர் சொட்டிக் கறையாகியிருந்தது. இரும்புக் கட்டில்களைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். அவற்றை யாரும் வாங்கிக்கொண்டு போக முடியாது. கை கழுவும் இடத்தில் கண்ணாடிக்குப் பதிலாக ஒரு எவர்சில்வர் தகடு. அதில் என் முகம் யாருடையதோ போலக் கலங்கித் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவள் மாதிரி மேசையைத் தட்டினாள், பெஞ்சை ஆட்டிப் பார்த்தாள், வேண்டாமென்று நகர்ந்தாள். வராந்தாவில் சுவரோரம் வரிசையாக இருந்த நாற்காலிகளுக்கு முன்னால்தான் நின்றாள்.

"இதுகள எடுத்துக்குங்க. யாரும் தூக்கி வீசக் கூடாதுன்னு இத்தனை கனமாப் பண்ணுனது. மேல பட்டாக் காயமாவக் கூடாதுன்னு முனையெல்லாம் உருட்டியிருக்காங்க பாருங்க. நொம்ப நாளைக்கு வருமுங்க."

அத்தா இருபத்து நான்கையும் எடுத்தார்.

எங்கள் தொழிலில் ஒவ்வொரு நாற்காலிக்கும் அடியில் கடைக்குறி இருக்கும். பெரிய கல்யாணங்களில் இரண்டு மூன்று கடைச் சாமான்கள் கலந்துவிடும்; கவிழ்த்துக் குறி பார்த்துத்தான் பிரிப்போம். வாங்கிய சாமானில் பழைய குறியைச் சுரண்டினால் திருட்டுச் சாமான் என்றுதான் நினைப்பார்கள். அதனால் அத்தா மேலே வார்னிஷ் அடித்தார், அடியைத் தொடவில்லை. 'மனநோயாளர் இல்லம், பெண்கள் பகுதி' என்று கறுப்புப் பெயிண்டில் எழுதியிருந்ததை அப்படியே விட்டு, பக்கத்தில் எங்கள் குறியைப் போட்டார். நேர்மையான மனிதர், நாற்காலி விஷயத்தில்.

பெண் விஷயத்தில் அப்படி இல்லை. எனக்கு இருபது வயதில் சேலத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம். மாப்பிள்ளையை எனக்கு நொடியில் பிடித்துப்போனது, இதில் மறைக்க ஒன்றுமில்லை. "எனக்கு வந்த சீக்கைப் பத்தி அவங்ககிட்டச் சொல்லிருங்க" என்று அம்மா இரண்டு முறை சொன்னாள். நிக்காஹ் முடியட்டும் என்று அத்தா அவளை அடக்கிவிட்டார். விஷயம் தெரிந்தால் சம்பந்தம் கலைந்துவிடும் என்று எனக்கும் பயம். நான் அத்தா பக்கம் நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நிச்சயத்தன்று எங்கள் வாசலில் பந்தல் போட்டு, முன்வரிசையில் அந்த நாற்காலிகளையே போட்டிருந்தோம். சொந்தப் பெண்ணின் நிச்சயத்துக்குப் போடாமல் வேறு யாருக்குப் போடுவது? பெண்கள் நாங்கள் உள்ளறையில் இருந்தோம். ஜன்னல் வழியாகப் பந்தல் முழுக்கத் தெரிந்தது; நிச்சயத்துக்கு ஓத வந்த பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் முன்வரிசையில் இருந்தார். மாப்பிள்ளையின் பெரியத்தாவுக்குச் சேலத்தில் இதே வாடகைத் தொழில் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை. அவர் நாற்காலியின் கையைத் தடவிப் பார்த்தார். ஒரு கையால் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு எங்கள் தொழிலில் எவரும் செய்வதைச் செய்தார். இரண்டு கையாலும் பிடித்துக் கவிழ்த்தார்.

படித்ததும் அவர் முகம் மாறியது. "ஏனுங்க பாய், நல்ல காரியத்துக்குப் போடற நாற்காலிங்களா இது?" என்றார்.

அத்தா வாய் திறப்பதற்குள், அவர்கள் பக்கத்து ஆள் ஒருவர், "பொண்ணோட அம்மாவே அங்க இருந்தாங்கன்னு ஒரு பேச்சுக் காதுல விழுந்துச்சுங்க" என்று எடுத்துக் கொடுத்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் அத்தா.

அம்மா எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஆண்கள் உட்கார்ந்திருந்த பந்தலுக்குள் நடந்து போனாள். எங்கள் குடும்பத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் அப்படிப் போனதில்லை.

"அவரு பயந்துட்டுச் சொல்றாருங்க. நான் அங்க ஒன்றரை வருஷம் இருந்தேன். பையன் பொறந்தப்புறம் வந்த சீக்கு. நல்லாயி ஊட்டுக்கு வந்து பதிமூணு வருஷமாச்சு. தெனமும் இந்த நாற்காலிலதான் உக்காந்திருந்தேன், அதனால நானே பாத்து எடுத்தேன். இன்னும் ஏதாச்சும் கேக்கணும்னா என்னையவே கேளுங்க."

எனக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் ஜன்னலுக்கு வெளியே கேட்கிற மாதிரி, "இதுல கேக்கறதுக்கு என்ன இருக்குது? ஹஜ்ரத்தை ஓதச் சொல்லுங்க" என்றார். பெரியத்தா நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.

அம்மா உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "கொஞ்சம் பொறுத்திருந்தா என்னம்மா?" என்று கடுகடுத்தேன்.

"பொறுத்திருந்தா அந்த ஊட்டுல நீ ஆயுசுக்கும் பயந்துட்டேதான் இருக்கணும் கண்ணு" என்றாள்.

எனக்குக் கோபம் தீரவில்லை. கல்யாணமாகிச் சேலம் போன பிறகும் அந்தப் பந்தலை நினைத்தால் எரிச்சலாக இருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சேலத்திலேயே, எனக்கு மகள் பிறந்தாள். மூன்றாவது வாரம் தூக்கம் போனது. மடியில் கிடந்தது யார் வீட்டுப் பிள்ளையோ என்று இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. மாமியார் இரண்டு நாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில், "உங்கம்மாவுக்கு வந்ததுதான் இது. எந்திரி, போலாம்" என்று என்னையும் பிள்ளையையும் ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப் போனார். மாத்திரை கொடுத்தார்கள். பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்காமல், மாமியாரும் என் அறையிலேயே படுத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் தேறிவிட்டேன்.

எனக்கு ஆறு வயதில், அம்மா இல்லத்திலிருந்து திரும்பி வந்த அன்று, தம்பி அவளை யாரோ என்று பயந்து, அத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினான். அவள் வெகுநேரம் கதவோரமே நின்றாள். என் மகள் ஒரு நாளும் என்னைப் பார்த்து அப்படி அழுததில்லை.