சொந்தச் சொல்லில் ஒரு பக்கம்

பள்ளிக்கூடத்திலேயே தேறாத பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவார்கள் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? என் அண்ணன் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. ஆனால் தொண்ணூறுகளின் நடுவில், மொன்றியலில், எனக்கு அதுதான் நடந்தது.

அண்ணன் என்னை யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு எடுப்பித்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. செயின்ட்-மிஷேலில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் அண்ணன், அண்ணி, நான். முதலில் பிரெஞ்சு படிக்க ஒரு வகுப்பில் போட்டார்கள். அது காதில் ஏறுவதற்குள் கடைசி வகுப்புக்குத் தள்ளிவிட்டார்கள். சரித்திரம், கணக்கு, விஞ்ஞானம் எல்லாமே பிரெஞ்சில்தான். ஊரில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவள் இங்கே வாயில்லாப் பூச்சியாகப் பின்வரிசை வாங்கில் இருந்தேன். யார் மீது கோபப்படுவது என்று தெரியாததால் எல்லோர் மீதும் கோபமாக இருந்தேன்.

ஒரு நாள் பள்ளியின் ஆலோசகர் அண்ணனைக் கூப்பிட்டார். இப்படியே போனால் ஜூனில் எனக்குச் சான்றிதழ் கிடைக்காதாம். என்னைப் போல இழுபடும் பிள்ளைகள் சிலரை வாரத்தில் இரண்டு நாள் கல்லூரி ஒன்றுக்கு அனுப்புகிறார்களாம். அங்கே ஒரு பாடத்தில் தேறினால், அது பள்ளிக் கணக்கிலும் சேருமாம், பிறகு கல்லூரிக்குப் போனால் அந்தக் கணக்கிலும் சேருமாம். எனக்குச் சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கும் படிப்பு, கார்தெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்கிறவர்கள் படிப்பது. நான் தமிழில் சொல்லச் சொல்ல அண்ணனின் நெற்றி சுருங்கியது.

“பள்ளிக்கூடத்திலை பெயிலாப் போறவளை என்னத்துக்கு மேலை அனுப்புகினம்? நீ பிழையா விளங்கிட்டாய். திருப்பிக் கேள்.”

திருப்பிக் கேட்டேன். அதே பதில்தான் வந்தது. விளங்காமலே அண்ணன் கையெழுத்து வைத்தார்.

வீட்டில் வேறொரு முடிவும் இருந்தது. அண்ணி தைக்கப் போகும் தொழிற்சாலையில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜூனில் சான்றிதழ் வராவிட்டால் நானும் அங்கேதான். அண்ணன் கொடுமைக்காரர் இல்லை. உணவகத்தில் கோப்பை கழுவி, அம்மாவையும் எடுப்பிக்க வேண்டும் என்று ஓடிக்கொண்டிருந்த மனிதர். இன்னொரு வருடம் என்னைப் படிக்க வைக்க அவரால் முடியாது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் தையல் இயந்திரத்துக்கு முன்னால் போய் உட்கார எனக்கு மனமில்லை.

கல்லூரியில் முதல் நாள் ஆசிரியை உள்ளே வந்ததும் நான் எழுந்து நின்றேன். நான் மட்டும்தான் நின்றேன். அவர் மேசை மேல் ஏறி உட்கார்ந்து அப்பிள் கடித்துக்கொண்டே பாடத்தைத் தொடங்கினார். பிள்ளைகள் அவரைப் பெயர் சொல்லி நீ, வா, போ என்றே கதைத்தார்கள். கழிவறைக்குப் போகக் கையை உயர்த்தி அனுமதி கேட்டேன். உன்னை யார் மறித்தது என்று அவர் சிரித்தார். திங்கட்கிழமை பள்ளியில் மணியடித்தால் ஓட வேண்டும், செவ்வாய்க்கிழமை இங்கே நான் எங்கே போனாலும் யாரும் கேட்பதில்லை. நான் பள்ளிப் பிள்ளையா, கல்லூரிக்காரியா? மெத்ரோவில் திரும்பி வரும்போதெல்லாம் இதே குழப்பம்தான்.

படிக்கும் முறையில் மட்டும் எனக்குக் குழப்பமே இல்லை. ஊரில் படித்தது போலவே படித்தேன். காலையில் எழும்பி, சமையலறைக்கும் ஜன்னலுக்கும் இடையே நடந்து நடந்து, சத்தமாகப் பாடமாக்கினேன். அண்ணனுக்கு அது கேட்கக் கேட்கச் சந்தோஷம்.

“சாம்பாரும் பிரெஞ்சு மணக்குது” என்று அண்ணி நக்கலடித்தார்.

சோதனையில் ஒரு கேள்வி: காலையில் தாய் விட்டுவிட்டுப் போகும்போது சின்னப் பிள்ளை ஏன் கத்துகிறது, நீ என்ன செய்வாய்? அந்தப் பக்கம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஒரு காற்புள்ளி பிசகாமல் இறக்கி வைத்தேன்.

அடுத்த கிழமை ஆசிரியை என்னையும் அண்ணனையும் அழைத்தார். புத்தகத்தையும் என் விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு வரியில் விரலை வைத்தார். “எதிர்ப்பக்கத்துப் படத்தைப் பார்க்கவும்.” அதையும் எழுதியிருக்கிறேன்! என் தாளில் எதிர்ப்பக்கமும் இல்லை, படமும் இல்லை.

அண்ணன் என் பக்கம் குனிந்தார். “கொப்பி அடிச்சனியோ?”

“இல்லை அண்ணை. பாடமாக்கினனான்.”

“அதுதானே படிப்பு! பேந்து என்னத்துக்குக் கூப்பிட்டவை?”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து ஒப்புவிக்கத் தொடங்கினேன். ஆசிரியை வாயைத் திறந்தபடி கேட்டார். பாதியில் நிறுத்தச் சொன்னார். நீ களவாக எழுதவில்லை, நம்புகிறேன் என்றார். ஆனால் இதற்குப் புள்ளி தர முடியாது, அடுத்த கிழமை இதே கேள்விக்கு உன் சொந்தச் சொற்களில் எழுது என்றார்.

சொந்தச் சொல் என்று என்னிடம் என்ன இருந்தது? எனக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொல் எல்லாமே அவர்களுடையது. புத்தகத்தைவிட நான் நன்றாகச் சொல்லிவிடுவேனா? அந்தக் கிழமை முழுக்க எதைப் படிப்பதென்று தெரியாமல் அலைந்தேன். பாடமாக்காமல் சோதனைக்குப் போனது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

வெற்றுத் தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது கொழும்பு விமான நிலையம்தான் ஞாபகம் வந்தது. அதை எழுதினேன். எங்கள் வீடுகளில் யாரும் “போறன்” என்று சொல்லிப் புறப்படுவதில்லை, போய்விட்டு வருகிறேன் என்ற பொருளில் “போட்டு வாறன்” என்போம். அன்று தடுப்புக்கு அப்பால் அம்மா நின்றார். நான் பெட்டியைக் கொடுத்துவிட்டு, அதைச் சொல்வதற்காகத் திரும்பினேன். அம்மாவைக் காணவில்லை. நான் அழுவதைப் பார்க்க முடியாமல் போய்விட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தேடினேன். விமானத்துக்குள் ஏறிய பிறகும் தேடினேன். ஆகவே பிள்ளை பொம்மையைப் பார்க்கும் நேரம் பார்த்துத் தாய் நழுவக்கூடாது. அது கத்தினாலும் பரவாயில்லை, முகத்தைப் பார்த்து, போய்விட்டு வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். நான் கார்தெரியில் நின்றால் தாயைச் சொல்ல வைப்பேன்.

இவ்வளவையும் ஓட்டைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தேன். தாள் திரும்பி வந்தபோது பக்கம் முழுக்கச் சிவப்பு மை. ஆனால் பாஸ். ஒரு பிழையும் இல்லாத பக்கத்துக்குப் பூச்சியம், பிழையே நிறைந்த பக்கத்துக்குப் புள்ளி! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஜூனில் சான்றிதழ் வந்தது. அண்ணி தொழிற்சாலைக்குத் தனியாகப் போனார்.

அந்தக் கோடையில் அம்மா ஏதோ அலுவலாகக் கொழும்புக்கு வந்து, ஒரு கடையிலிருந்து தொலைபேசி எடுத்தார்.

“பாஸாமே, பிள்ளை! அண்ணை சொன்னவன். முதல்தரம் பிழைச்சுப் பேந்து திருப்பி எழுதினியாம். அப்பிடி என்னத்தை எழுதினனீ?”

ஆசிரியைக்குச் சொன்னதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது?

“புத்தகத்திலை இருந்ததுதான், அம்மா.”

“அதுதானே பாத்தன். நீ எப்பவும் நல்லாப் பாடமாக்குவாய்.”

அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்க எனக்கு அழுகை வந்தது.

“ஓம், அம்மா” என்றேன்.