சாவியோடு விட்ட வண்டி

ஸ்டேஷனில் ஏட்டு இருந்தார். எழுதுகிற பெண் போலீஸ் இருந்தார். வண்டி பறிகொடுத்த இன்னொருத்தர் இருந்தார், கடலூர்க்காரர். அப்புறம் நான்.

மனைவியின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்கக் கடலூர் போயிருந்தேன். வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் வண்டி இல்லை.

"சாவி எங்கய்யா?" என்றார் ஏட்டு.

"வண்டியிலயே வுட்டுட்டேங்க."

கடலூர்க்காரர் சிரித்துவிட்டார். "நான் ரெண்டு பூட்டு போட்டு வெச்சதே போயிடுச்சி. நீ சாவியோட குடுத்துட்டு வந்து நிக்கிற. எந்த ஊருய்யா?"

"விருத்தாசலம் பக்கம்ங்க. பீங்கான் கம்பெனியில வேல."

"அங்க திருடனே கெடையாதா?"

"எங்க கம்பெனியில போனதில்லீங்க."

உண்மை அதுதான். பொம்மை அச்சில் மண்கூழ் ஊற்றும் வேலை எனக்கு. மண் லாரி உள்ளே வந்தால் வழியில் நிற்கும் வண்டிகளை நகர்த்த வேண்டும். எங்கள் கையெல்லாம் கூழாக இருக்கும். அதனால் சாவியை யாரும் எடுப்பதில்லை. வண்டிக்குப் பக்கத்தில் இருப்பவர் அதை எடுத்து ஓரமாக விடுவார். சாவியைப் பையில் போட்டால், "யாருமேல சந்தேகம்?" என்று கேட்பார்கள். பதினெட்டு வருஷப் பழக்கம். கடலூரிலும் கை அப்படியே விட்டுவிட்டது.

"அந்த ஊரு வேற, இந்த ஊரு வேறய்யா" என்றார் ஏட்டு.

பெண் போலீஸ் பேனாவை நிறுத்தினார். "சாவி வண்டியில இருந்துச்சின்னு எழுதினா இன்சூரன்ஸ் கெடைக்கிறது கஷ்டம்ண்ணே. எழுதட்டுமா?"

"இருந்தத எழுதுங்கம்மா."

எழுதினார். பஸ் ஏறி வந்தேன்.

"வண்டி சத்தமே கேக்கல?" என்றாள் மனைவி.

"போயிடுச்சி."

தட்டை எடுத்து வைத்தாள். "சரி, சாப்புடுங்க" என்றாள்.

மறுநாள் கம்பெனியில் சொன்னேன். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். சாயங்காலம் பார்த்தேன். எல்லா வண்டியிலும் சாவி இருந்தது.

வண்டி கிடைக்கவில்லை. இன்சூரன்ஸும் வரவில்லை.

மனைவிக்கு வாரம் இரண்டு தடவை விருத்தாசலத்தில் டயாலிசிஸ். முன்பு வீட்டு வாசலில் ஏறினால் ஆஸ்பத்திரி வாசலில் இறங்குவாள். இப்போது பஸ் நிற்கும் இடம் வரை நடக்கிறாள். கால் வீங்கியிருக்கிறது. முடியாதபோது ரோட்டோரம் உட்காருவாள். நான் பக்கத்தில் நிற்பேன்.

நேற்று எண்ணினேன். ஏழு தடவை உட்கார்ந்தாள்.