தாகத்தையும் கிறுக்கு என்றார்கள்

எனக்கு வயது எழுபத்திரண்டு. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். மூன்றாவது மகனுக்கு மனநோய். அதற்கான மாத்திரையால் பசி கூடி, உடம்பு பெருத்துவிட்டது. போதாததற்கு, கடைத்தெருவில் பார்ப்பவர்களெல்லாம் இரக்கப்பட்டு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுப்பார்கள்.

போன கோடையில் அவன் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். ஓயாமல் ஒன்றுக்குப் போனான்.

"கிறுக்கு முத்திருச்சு மதினி, கோயில்ல கொண்டுபோய் விடுங்க" என்றாள் என் நாத்தனார்.

"ஏன், கிறுக்குப் புடிச்சவனுக்கு ஒடம்புல வேற நோவு வராதாக்கும்?" என்று கேட்டுவிட்டு, அவனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கும் மாத்திரைச் சீட்டைப் பார்த்ததும், மனநல டாக்டரிடம் போகச் சொன்னார்கள்.

"மொதல்ல ரத்தத்தப் பாருங்க. பாக்காம இங்கிட்டிருந்து நகர மாட்டேன்" என்று நின்றேன்.

பார்த்தார்கள். சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் நினைவே தப்பியிருக்கும் என்றார் டாக்டர்.

இப்போது சர்க்கரைக்கும் மருந்து சாப்பிடுகிறான். மனநோய் மாத்திரையையும் நாங்கள் நிறுத்தவில்லை. அதை வாங்கப் போகும்போதெல்லாம் எடையும் சர்க்கரையும் பார்க்கச் சொல்கிறேன். சாயங்காலம் அவனோடு திருக்கோகர்ணம் வரை நடக்கிறேன். யாராவது டீ வாங்கிக் கொடுத்தால், "சீனி இல்லாமக் குடுங்க, இல்லாட்டி வேணாம்" என்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதியவள் என் பேத்தி. தாயி, ஒருக்கா வாசிச்சுக் காட்டு. ஒங்க சித்தப்பனப் பாவம்னு எங்கயாச்சும் எழுதியிருந்தா அடிச்சுடு.