அறுபதாம் கல்யாணத்தில் சரிந்த அம்மா

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காகச் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் அண்ணன்கள் வந்திருந்தார்கள். திருக்கடையூரில் ஹோமப் புகைக்கு நடுவே அம்மா மூச்சுவிடத் திணறினாள். கொஞ்ச நாளாகவே அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. கலசநீர் ஊற்ற ஊற்ற உடம்பு வெடவெடத்தது. எழுந்திருக்கப் பார்த்தாள்.

“உட்காருடி. மானத்த வாங்காத,” என்றார் அப்பா, வீடியோ கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே.

ஊருக்கு அவர் தங்கமான மனுஷர். வீட்டில் சோறு குழைந்தால் தட்டு பறக்கும். வாய் திறந்தால் அசிங்கம்தான் கொட்டும். அதற்குத் தப்பித்துத்தான் அண்ணன்கள் விமானம் ஏறினார்கள். நான் கல்யாணமாகித் தஞ்சாவூர் வந்துவிட்டேன். அம்மா மட்டும் அவரோடு இருந்தாள்.

தாலி கட்டி முடிந்ததும் அப்படியே சரிந்தாள். மாயவரம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள்.

எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு டாக்டரம்மா அப்பாவையும் என்னையும் அம்மா இருந்த அறைக்குக் கூப்பிட்டார். “ரத்தக்குழாய்ல அடைப்பு இல்லைங்க. ஆனா இதயம் வீங்கித் தளந்துபோயிருக்கு. வீட்ல ஏதாவது கவலையா?”

“அவளுக்கென்னங்க கவலை? ரெண்டு புள்ளையும் ஃபாரின்ல. ராணி மாதிரி வச்சிருக்கேன்,” என்றார் அப்பா.

டாக்டர் அவரை வெளியே இருக்கச் சொன்னார். கதவு சாத்திய பிறகுதான் அம்மா பேசினாள். “அவரு செருப்புச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடங்கும்மா. கல்யாணமான நாள்லேருந்து.”

டாக்டர் என்னிடம் சொன்னார்: “காயம் பட்டா அந்த இடம் செவந்து வீங்குதுல்ல, அதான் அழற்சி. வருஷக்கணக்கா பயந்துகிட்டே இருந்தா, காயமே இல்லாம உடம்புக்குள்ள அது ஓயாம நடக்கும். இதயத் தசையையும் கெடுக்கும். இவங்களுக்கு அதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். மாத்திரை தரேன். நிம்மதிய நீங்கதான் தரணும்.”

வராந்தாவில் பெரிய அண்ணனிடம் சொன்னேன். “அப்பா சுபாவம் தெரிஞ்சதுதானே. அனுசரிச்சுப் போகணும்,” என்றான். கையில் விமான டிக்கெட். அவன் முகத்தையே பார்க்கப் பிடிக்கவில்லை.

அம்மாவை என் வீட்டுக்கே அழைத்துவந்தேன். சில மாதங்களில் கால் வீக்கம் வற்றியது. இதயம் முழுசாகத் தேறாவிட்டாலும் மாடிப்படி ஏறும் அளவுக்கு வந்தாள்.

நான் குடும்பத்தைப் பிரித்துவிட்டதாக அப்பா ஊரெல்லாம் சொன்னார். எப்போதாவது வந்து கூடத்தில் உட்காருவார். காபி கொடுப்பேன். அம்மா அறையை விட்டு வரமாட்டாள். அவர் போன பிறகு அந்தத் தம்ளரைக் கழுவும்போது எனக்குக் கை கூசும்.