அக்காவுக்கு வயது குறைந்தது எப்படி?

ஆறு மாதத்துக்கு முன்னால் நோர்வூட்டில் ஒரு கல்யாணம். எங்கள் சித்தப்பா மகனுக்கு. மாதா கோயிலில் பூசை முடிந்து எல்லாரும் மண்டபத்துக்கு வந்து, குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

போட்டோகிராபர் எங்கள் பக்கம் கையைக் காட்டினார். "அம்மா, நீங்க நடுவுல கதிரையில உக்காருங்க. மக பக்கத்துல நிக்கட்டும்."

அம்மா என்றது என்னை. மகள் என்றது என் பிலோ அக்காவை!

பிலோ அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். நான் ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் நிழலில் நின்று பாடம் சொல்கிறவள். அவள் கல்யாணம் ஆன நாளிலிருந்து மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். மழை, பனி, அட்டை, முதுகில் கூடை... நியாயமாகப் பார்த்தால் யார் யாருக்கு அம்மா மாதிரி தெரிய வேண்டும்? மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, கைகழுவும் இடத்துக்குப் போய்க் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். வயிற்றெரிச்சல்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அக்காவைச் சுற்றி ஒரு கூட்டம்.

"ஏண்டி பிலோ, எந்தக் கடை அரிசிடி திங்கிற?"

"கன்னத்தப் பாருங்க... பன்னு மாதிரி!"

"அண்ணன் கொழும்புல இருந்து கிரீம் எடுத்துத் தாராரு போல!"

அக்கா வெட்கப்பட்டாள். நான் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிவிட்ட வெட்கம் அது. "போங்கடி... மனசுல ஒண்ணும் வச்சிக்கிறதில்ல, அவ்வளவுதான்" என்றாள்.

டவுனில் 'மெலிந்துவிட்டீர்களே' என்றால் பாராட்டு. தோட்டத்தில் அப்படிச் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள். அங்கே உடம்பு தேறுவதுதான் அழகு. கன்னம் உப்பினால் வீட்டில் குறையில்லை என்று அர்த்தம். அதனால் அக்காவின் முகம் அன்றைக்கு மாப்பிள்ளை பெண்ணைவிடப் பெரிய செய்தியாகிவிட்டது.

சிலர் மட்டும் வயதுக்கு மீறி இளமையாகத் தெரிவது ஏன்? வாரா வாரம் நான் பத்திரிகையில் எழுதுகிற இந்தப் பத்தியைப் படிக்கிற நீங்களே எத்தனையோ விளக்கம் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். வெறும் வயிற்றில் எலுமிச்சைத் தண்ணீர். யோகா. பரம்பரை. மாமியார் இல்லாத வீடு... கடைசியாகச் சொன்னதை எழுதியவர் பெயரை நான் வெளியிடவில்லை, பயப்பட வேண்டாம். அன்று பஸ்ஸில் திரும்பும்போது, அக்காவை வைத்தே ஒரு பத்தி எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். மலைக்காற்று, கள்ளமில்லாத மனசு என்று இனிப்பாக நாலு வரி.

நல்லவேளை, எழுதவில்லை. எழுதவிடாமல் என்னை இரண்டு விஷயங்கள் உறுத்திக்கொண்டிருந்தன.

ஒன்று, அக்காவின் கை. வளையலைத் தள்ளிவிட்டுச் சேலைக்கு ஊக்குக் குத்தும்போது பார்த்தேன். முழங்கைவரைக்கும் ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாகக் கன்றிப்போயிருந்தது. அக்காவின் புருஷன், என் மச்சானுக்கு, ஒரு காலத்தில் போத்தல் பழக்கம் உண்டு. போதாதா எனக்கு? அவரை மண்டபத்துக்குப் பின்னால் கூப்பிட்டுப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன்.

"ஜெசி, சும்மா ஏசாத. மாதா மேல சத்தியமா நான் கை வைக்கல. இப்பல்லாம் லேசா கதவுல இடிச்சாலே அவளுக்கு அப்புடி ஆயிருது" என்றார். நான் நம்பவில்லை. குடிகாரர்கள் எல்லாரும் மாதாவைத்தானே சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள்?

இரண்டாவது, சாப்பிட்டு முடித்து எழும்பும்போது அக்காவால் எழும்ப முடியவில்லை. கதிரையின் கையை இரண்டு கையாலும் அழுத்தி, உந்தி உந்தி எழுந்தாள். மலையேறுகிற கால் அது! "உடம்பு வச்சிருச்சுல்ல, அதான்" என்று ஒருத்தி கேலி செய்தாள். அதற்கும் எல்லாரும் சிரித்தோம்.

பத்து நாள் கழித்து மச்சானிடமிருந்து போன். "அக்காவ ஆஸ்பத்திரியில வச்சிருக்கேன். சட்டுனு வா."

மலையிலிருந்து இறங்கும்போது தண்ணீர் ஓடுகிற கானில் வழுக்கி விழுந்திருக்கிறாள். கெண்டைக்காலில் சின்னக் காயம். தோட்டத்தில் அது ஒரு காயமே இல்லை. ஆனால் கால் வீங்கி, சீழ் பிடித்து, காய்ச்சல் வந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது வார்டில் சேர்த்து மூன்றாம் நாள். அக்கா கண்ணைத் திறக்கவில்லை. தண்ணீர் கொடுத்தால்கூட வாந்தி. சேலைன் ஏறிக்கொண்டிருக்கிறது, ஊசி போட்டிருக்கிறார்கள், பிரஷர் மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது. அந்த நிலையிலும் அவள் முகம் உருண்டையாக, ஒரு சுருக்கம் இல்லாமல் பளபளவென்று இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

இளம் டாக்டர், சிங்களவர். வந்து வந்து பார்த்தார். அவருக்கும் பிடிபடவில்லை. என்னிடம் சிங்களத்தில், "இவர் வேறு ஏதாவது மருந்து எடுத்தவரா? முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரிகிறது. உங்கள் ஆட்களிடம் நேற்றும் கேட்டேன், இல்லை என்கிறார்கள். இன்னொருமுறை கேட்டுச் சொல்லுங்கள். இப்படியே போனால் தாங்கமாட்டார்" என்றார்.

மச்சானிடம் கேட்டேன். ஏதாவது மருந்து குடித்தாளா?

"மருந்தா? அவ ஆஸ்பத்திரிப் பக்கமே போறதில்லையே! ஒரு மருந்தும் இல்ல ஜெசி. நல்லாத்தான் இருந்தா."

அவர் பொய் சொல்லவில்லை. அதை டாக்டரிடம் நானே மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒரு மருந்தும் இல்லை, டாக்டர். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பகல் பார்வையாளர் நேரத்துக்கு, அக்காவோடு ஒரே வரிசையில் கொழுந்து பறிக்கிற பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். கையில் மாலு பாண், மீன் வைத்த பன். கட்டில் ஓரத்தில் நின்று கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு அவர்களில் லெச்சுமி என்பவள் மச்சானைத் தள்ளிக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் கேட்டாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அக்காவோட குளுச வீட்டுல கொஞ்சம் இருக்குமா? அக்காவுக்கு இங்க தேவப்படாதுல்ல. அந்த ஆளு இந்த மாசம் வரவே இல்ல. நாளைக்கு பெரட்டுக்குப் போகணும், கால் வலி தாங்கல."

பெரட்டு என்றால் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கக் கூடுகிற இடம். அது எனக்குத் தெரியும். குளிசை? அக்காவுக்கு ஏது மாத்திரை?

"என்ன குளிசை லெச்சுமி?"

"கால் வலிக்குப் போடுறதுதான் டீச்சர். எல்லாரும் போடுறதுதான்." முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். சின்னப் பொலித்தீன் பையில் இரண்டு வெள்ளைக் குளிசை, ஒரு பச்சை. பெயர் இல்லை, பெட்டி இல்லை. சம்பள நாளில் மோட்டார் சைக்கிளில் வருகிற ஒரு ஆள் விற்கிறானாம். "அக்கா காலையில ரெண்டு, ராவைக்கு ரெண்டு. ஒரு வருசத்துக்கு மேல போடுறாங்க. அக்காவுக்குத்தான் நல்லா புடிச்சிருச்சு. பாருங்க, மொகம் எப்புடி ஆயிருச்சு!"

நான் மச்சானைப் பார்த்தேன். "இத ஏன் டாக்டர்கிட்ட சொல்லல?"

அவர் விழித்தார். "அது மருந்தா ஜெசி? அது வேலைக்குப் போறதுக்குப் போடுறது."

இதுதான் விஷயம். மருந்து என்றால் அவர்களுக்கு நோய்க்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பது. இதுவோ சேலை நனையாமல் இடுப்பில் படங்கு கட்டுவதுபோல, கூடையை மாட்டுவதுபோல, மலைக்குக் கிளம்புகிற வேலைகளில் ஒன்று. படங்கு கட்டுவீர்களா என்று எந்த டாக்டராவது கேட்பாரா? கேட்காததை யார் சொல்வது?

பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் குளிசையை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தார். எவ்வளவு காலம் என்று கேட்டார். கடைசியாக எப்போது போட்டார் என்று கேட்டார். அடுத்த நிமிடம் தாதியைக் கூப்பிட்டு ஊசி எழுதினார்.

பிறகுதான் எனக்குச் சொன்னார். வெள்ளை, ஸ்டீராய்டாக இருக்க வேண்டும். வலியை அடக்கும். கூடவே முகத்தை உப்ப வைக்கும், சுருக்கத்தை நிரப்பும். தோலை மெல்லிசாக்கும், தொட்டால் கன்றும். தொடையின் சதையைத் தின்றுவிடும், கதிரையிலிருந்து எழும்ப முடியாது. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்துவிடும். வார்டுக்கு வந்தவுடன் குளிசை நின்றுபோனது, காய்ச்சலைத் தாங்க உடம்பில் ஒன்றுமில்லை. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால்...

நான் வெளியே வந்தேன். மச்சான் வாசலில் குந்தியிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. நாங்கள் கல்யாணத்தில் பாராட்டியது எல்லாம் ஒரு நோயின் அடையாளங்கள்! ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் அதைச் சுற்றி நின்று கைகொட்டிச் சிரித்திருக்கிறோம்.

மறுநாள் அக்கா கண் திறந்தாள். கஞ்சி கேட்டாள்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். டாக்டர் எழுதிக் கொடுத்த அளவில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். இனி மலை ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. கன்னம் வற்றிவிட்டது. வற்றின இடத்தில் தோல் தொங்குகிறது. எங்களை இப்போது பார்க்கிற எந்தப் போட்டோகிராபருக்கும் சந்தேகம் வராது.

போன மாதம் அவளோடு சண்டை போட்டேன். பெயர் தெரியாத குளிசையை ஒரு வருசமாக விழுங்கியிருக்கிறாயே, புத்தி வேண்டாமா என்று கேட்டேன். அவள் என்னை முறைத்தாள்.

"நான் என்ன மினுக்கவா போட்டேன்? முட்டி வலிச்சா மல ஏற முடியாது. ஏறலன்னா கிலோ வராது. கிலோ வரலன்னா அரப்பேரு." அரைப்பேர் என்றால், கேட்ட கிலோ கொழுந்து சேராவிட்டால் நாள் முழுக்க நின்றாலும் அரை நாள் கூலி. "போட்டேன், வலி போச்சு. அப்புறம் நீங்கள்ளாம் அழகாயிட்டேன்னு சொன்னீங்க. பொறந்ததுலருந்து என்னை ஒருத்தரும் அப்புடிச் சொன்னதில்ல ஜெசி. வலியும் இல்ல, அழகுன்னும் சொல்றாங்க... நான் எதுக்கு நிப்பாட்டணும்?"

ஊருக்கெல்லாம் வாரா வாரம் புத்தி சொல்கிறவள், கூடப்பிறந்தவளுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆனாலும் பழக்கம் விடுமா? ஆஸ்பத்திரிக்கு வந்த அந்த மூன்று பெண்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். அக்காவின் தொடையைக் காட்டினேன். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, அதனால் எல்லாரும் கிளினிக்குக்கு வாருங்கள், நானே கூட வருகிறேன் என்றேன். ஒருத்தி அழுதாள்.

"கிளினிக்கு எந்த நாளுங்க டீச்சர்?" என்று லெச்சுமி கேட்டாள்.

செவ்வாய் என்றேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செவ்வாய் வேலை நாள். சரிங்க டீச்சர், கட்டாயம் வாறோம் என்றார்கள். அந்தச் செவ்வாய் நான் லீவு போட்டுவிட்டு கிளினிக் வாசலில் மத்தியானம்வரை நின்றேன். ஒருத்தியும் வரவில்லை. அவர்களைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். எனக்கு லீவு போட்டாலும் சம்பளம் உண்டு என்பது பஸ்ஸில் பாதி வழியில்தான் உறைத்தது.

ஆகவே, இளமையின் இரகசியம் தேடுகிற அன்பர்களுக்கு என் தாழ்மையான விண்ணப்பம். டவுனில் ஒருவர் வயதுக்கு மீறி இளமையாகத் தெரிந்தால் தாராளமாகப் பொறாமைப்படுங்கள். மலையில் வேலை செய்கிற ஒருத்தி அப்படித் தெரிந்தால், தயவுசெய்து பாராட்டாதீர்கள். என்ன குளிசை போடுகிறாய் என்று கேளுங்கள். 'மருந்து' என்று கேட்டால் இல்லை என்பாள்.

நேற்று நோர்வூட் பஸ் ஸ்டாண்டில் லெச்சுமியைப் பார்த்தேன். மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தாள். கன்னம் இரண்டும் உருண்டு, மினுமினுவென்று இருந்தது. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண், "என்ன லெச்சுமி, சின்னப் பொண்ணு மாதிரி ஆயிட்ட!" என்று அவள் தோளில் தட்டினாள். லெச்சுமி சிரிக்கப் போனாள். அப்போதுதான் என்னைக் கண்டாள்.

முந்தானையை இழுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டாள்.