வீடு கட்டாத நபதேயர்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம். அகதியாய் வந்து குடியிருந்த வெக்ஸ்போர்ட்டில் ஒரு நூலகத்துக்குள் குளிருக்கு ஒதுங்கியபோதுதான் நபதேயரைப் பற்றி வாசித்தேன். அரேபியப் பாலைவனத்தின் பழைய வணிகச் சனம். வீடு கட்டக் கூடாது, விதைக்கக் கூடாது, மீறினால் மரணம் என்று ஒரு காலத்தில் சட்டம் வைத்திருந்தார்களாம். வீடும் வயலும் உள்ளவனை வலியவன் எளிதில் பணியவைத்துவிடுவானாம்.

அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஊரில் போருக்குப் பயந்து மூன்று வீடுகளை விட்டு ஓடி வந்தவன் நான். எங்கள் அப்பார்ட்மென்ட் கதவோரம் அப்போதும் ஒரு சூட்கேஸ் கட்டியபடியே நின்றது. யாராவது கதவைத் தட்டினால் என் கை முதலில் அதன் பிடிக்குத்தான் போகும்.

அந்த வாரமே மனைவி பக்கத்து ஊரான பிக்கரிங்கில் வீடு பார்க்க அழைத்துப்போனாள். “இண்டைக்கும் வேண்டாமெண்டால் இனி நான் கேக்கமாட்டன்” என்று சொல்லித்தான் புறப்பட்டாள். வழியெல்லாம் நபதேயர் கதை சொன்னேன்.

“அவையிட்டை ஒட்டகம் இருந்தது. உங்களிட்டை பஸ் பாஸ்தான் இருக்கு” என்றாள்.

வீட்டுத் தரகர் எங்கள் ஆள். அவர் குசினியில் அடுப்பைக் காட்ட, நான் பின்கதவைத் திறந்து வேலியின் உயரத்தைப் பார்த்தேன்.

“அண்ணை, வாங்க வந்தனீங்களோ, ஓட வந்தனீங்களோ?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு நிலத்துக்கடியில் இருந்த பேஸ்மென்டுக்கு இறங்கினோம். மூலையில், தரையோடு தரையாக ஒரு வட்ட மூடி.

“உது என்ன?”

“நிலத்துத் தண்ணி சேருற குழி. நிரம்பினால் பம்ப் வெளியாலை தள்ளும்.”

தூக்கிப் பார்த்தேன். இருட்டுக்குள் தண்ணீர் அசைந்தது. நபதேயரும் இப்படித்தான். சிறிய வாயும் அகன்ற அடியுமாய் நிலத்துக்குள் தொட்டி வெட்டி, மழைநீர் நிரப்பி, மூடி, தங்களுக்கு மட்டும் தெரிந்த அடையாளம் வைத்துப் போவார்கள். துரத்தி வருபவனுக்கு வெறும் மணல்தான் தெரியும்.

தரகர் மேலே போனதும் மனைவி கேட்டாள்: “கடைசிவரைக்கும் அவை வீடு கட்டேல்லையோ?”

“பிறகு கட்டினவை. மலையைக் குடைஞ்சு பட்டணமே வைச்சவை.”

“பயம் போயிட்டுதோ?”

“அது புத்தகத்திலை இல்லை.”

மேலே தரகரின் காலடி கேட்டது. ஒவ்வொன்றுக்கும் என் கை சூட்கேஸின் பிடியைத் தேடியது.

“சூட்கேஸை எங்கை வைக்கிறது?” என்றேன்.

அவள் குழியைக் காட்டினாள். “உந்த மூடிக்குப் பக்கத்திலை. எங்கள் ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிஞ்சால் போதும்.”

மூடியைத் திரும்ப வைத்தேன். “ஓம், வாங்குவம்” என்றேன்.