ரமணன் பிடித்த ஸ்டாப்வாட்ச்

ரமணன் போய்விட்டான். நேற்றுப் பின்னேரம், வெள்ளவத்தையில்… ஹார்ட் அட்டாக்.

யுத்த காலத்தில் காலி வீதியில் ஒரு சின்ன சொஃப்ட்வெயார் கம்பனி. பக்கத்துப் பக்கத்து மேசை எங்களுக்கு.

எந்த ஃபைலை மாற்றியிருக்கிறோம் என்று சொல்லும் ஸ்டேட்டஸ் கமாண்ட் இருக்கிறதே… கோடில் செய்யும் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் எங்கள் பழைய வேர்ஷன் கொன்ட்ரோலில் அதைத் தட்டிவிட்டு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வரலாம். வேறு டூல்கள் வேகமா என்று அளந்து பார்க்கும் வேலையை ரமணனிடம் கொடுத்தார்கள். உதவிக்கு நான்.

ஒவ்வொரு தரமும் மெஷினை ரீஸ்டார்ட் பண்ண வைப்பான். "ரெண்டாந்தரம் அதுக்கு ஞாபகம் இருக்கும் மச்சான். அது கள்ள வேகம்."

நேரம் எடுப்பது தன் போனில் இருந்த ஸ்டாப்வாட்சில். ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தொலையடா என்று கெஞ்சியிருக்கிறேன். "மனுசன் காத்திருக்கிற நேரத்தை மனுசன்தான் அளக்கோணும்" என்பான். விசரன்.

ஒருநாள் பாமன்கடை செக்பொயின்டில் அவன் பையைத் திறந்த ஆமிக்காரன், நிமிடமும் செக்கனுமாக எழுதியிருந்த தாளைத் தூக்கி, "மே மொனவாத?", இதெல்லாம் என்ன என்று கேட்டான். குண்டுக்குக் குறித்த நேரம் என்று நினைத்தால் இரண்டு பேரும் உள்ளே. இவனோ சிங்களத்தில் முழு பெஞ்ச்மார்க்கையும் ஆறுதலாக விளக்கினான். ஆமிக்காரன் கொட்டாவி விட்டபடி போகச் சொன்னான்.

மெஷின் திரும்ப எழும்பும்வரை தங்கச்சியைப் பற்றித்தான் கதைப்பான். வன்னியில் டீச்சர். லைன் எல்லாம் கட். மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை…

அன்றும் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. இருப்பதிலேயே பெரிய புரொஜெக்ட், பழைய டூலில் கடைசி ரன். போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ரன் பழுதாப்போகும்" என்று கோலை வெட்டினான்.

முடிந்ததும் அந்த நம்பருக்குத் திரும்ப எடுத்தான். வன்னியிலிருந்து யாரோ ஒரு ஐயா. பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"உங்கட தங்கச்சி விடியத்தொடக்கம் இந்தச் சட்டலைட் போனுக்கு வரிசையில காத்து நிண்டவ தம்பி. ஷெல் விழத் தொடங்கிட்டுது… பங்கருக்கு ஓடிட்டா."

பிறகு அவ எடுக்கவே இல்லை. சண்டை முடிந்து முகாம் முகாமாகத் தேடினான். ஓரிடத்திலும் பெயர் இல்லை.

ஒஃபிஸ் புதிய டூலுக்கு மாறியது. கண்ணை மூடித் திறக்கமுன் பதில் சொல்லும். ஒவ்வொரு தரமும் எனக்கு அவன் வெட்டின அந்தக் கோல்தான் ஞாபகம் வரும்.

அன்றிலிருந்து எந்தக் கோலையும் ரமணன் விட்டதில்லை. லோன் தருகிறோம் என்பவன், ராங் நம்பர்… எல்லோரிடமும் "ஹலோ, ஆர் கதைக்கிறது?" தன் கல்யாண மணவறையிலும் எடுத்தான். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் சிரித்தோம். பொம்பிளை மட்டும் சிரிக்கவில்லை. அவவுக்குத் தெரியும்.

நேற்று அவனுக்கு மூன்று தரம் எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது…

இனி போனைத் தலைமாட்டில் வைக்கத் தேவையில்லை மச்சான். ஆறுதலாகப் படு.